பச்சிளங் குழந்தையின் மூச்சு கூறும் செய்தி

சபரகமுவ மலைச்சாரலில் வாழ்வோருக்கு மழை புதிதன்று. தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கடந்து வந்து மோதும் மலைகள் இவையாதலின், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலைச் செடிகளும் இறப்பர் மரங்களும் ஆண்டின் பெரும்பகுதி நனைந்தே நிற்கும். அத்தகைய மழை இரவொன்றில், தெரணியகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்து அறையை வாசகர்கள் மனக்கண்முன் கொண்டுவர வேண்டுகிறோம்.

மூன்று மாதக் குழந்தை. இரண்டு நாளாகத் தடிமன். அன்று மாலை இருமலும் சேர்ந்துகொண்டது. இப்பொழுது இரண்டு மிடறு பால் குடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மூச்சு சற்று வேகமாக ஓடுவதுபோலவும் தோன்றுகிறது. "விடியட்டும் புள்ள, டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போவோம்" என்கிறாள் அப்பாயி. இப்பொழுதே கீழே இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் என்ன என்று தவிக்கிறாள் தாய். போன இடத்தில் "வெறும் தடிமன்தான்" என்று திருப்பி அனுப்பிவிட்டால், ஆட்டோக் கூலியோடு மறுநாட் சம்பளமும் போயிற்று. போகாமலிருந்து குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால், அதை ஈடுசெய்யும் சம்பளம் உலகில் இல்லை.

தடிமன் கண்ட நூறு குழந்தைகளுள் மூச்சுத் திணறி உயிருக்குப் போராடப்போகும் குழந்தை எது? இக்கேள்வி அந்தத் தாய்க்கு மட்டும் உரியதன்று. பெருநகரங்களின் ஆய்வுகூடங்களில் விஞ்ஞானிகளும் பல ஆண்டுகளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றையும், அவற்றுள் லயத்து அறை வரை வந்து உதவக்கூடியது எது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மூக்கிலிருந்து இறங்கும் நோய்

கைக்குழந்தைகளுக்கு மார்ச்சளியையும் இழைப்பையும் உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றுள் முதலிடம் பெறுவது ஆர்.எஸ்.வி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் வைரஸ் ஆகும். 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்பட்ட சிம்பன்சிக் குரங்குகளுக்குத் தடிமன் கண்டது. அவற்றிடமிருந்தே இவ்வைரஸ் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டில் ரொபர்ட் சானொக் என்னும் ஆய்வாளர், பால்டிமோர் நகரத்தில் நோயுற்ற குழந்தைகளிடமும் இதே கிருமி குடியிருப்பதைக் கண்டறிந்தார். தான் புகுந்த உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுவது இக்கிருமியின் இயல்பு. அதன் பெயரும் அவ்வியல்பைக் குறித்தே இடப்பட்டது.

இரண்டு வயது நிறைவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் இது ஒருமுறையேனும் தொட்டுவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு மூக்கொழுகலுடனும் இருமலுடனும் நோய் தணிந்துவிடும். சில குழந்தைகளிலோ கிருமி மூக்கைவிட்டுக் கீழே இறங்கி, சுவாசப்பையின் கடைக்கோடியிலுள்ள மிக நுண்ணிய மூச்சுக்குழாய்களைப் பற்றிக்கொள்கிறது. குழாயின் உட்சுவர் வீங்குகிறது. இறந்த உயிரணுக்களும் சளியும் சேர்ந்து வழியை அடைக்கின்றன. இந்நிலையையே வைத்தியர்கள் 'புரொங்கியோலைட்டிஸ்', அதாவது மூச்சுச் சிறுகுழாய் அழற்சி, என்கிறார்கள்.

பெரியவர்களுக்கு இருமலோடு போய்விடும் கிருமி, கைக்குழந்தையை மட்டும் ஏன் இவ்வளவு வாட்டுகிறது? இதற்கு விடையளிப்பது பௌதிகவியல். குழாயொன்றின் ஆரம் பாதியாகச் சுருங்கினால், அதனூடாகச் சீராக ஓடும் காற்றுக்கு ஏற்படும் தடை 16 மடங்காகிவிடும் என்பதை மாணவர்கள் அறிவார்கள். பெரியவர்களின் அகன்ற குழாயில் மயிரிழையளவு வீக்கம் பொருட்டன்று. குழந்தையின் குழாயிலோ அதே மயிரிழை பாதி வழியை மறித்துவிடுகிறது. எனவே, குழந்தை முன்னிலும் வேகமாக மூச்சிழுக்கிறது. விலாத்தசைகள் களைக்கின்றன. மூச்சு வாங்கவே நேரம் போதாத குழந்தை பால் குடிப்பது எங்ஙனம்?

இந்நோய் நம் நாட்டுக்குப் புறம்பானதன்று. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013, 2014ஆம் ஆண்டுகளில், ஈரவலயத்துக் கேகாலையிலும் உலர்வலயத்து அநுராதபுரத்திலும் சுவாச நோயுடன் வைத்தியசாலையில் சேர்ந்த குழந்தைகளைப் பரிசோதித்தனர். அவர்களிடம் காணப்பட்ட வைரஸ்களுள் ஆர்.எஸ்.வி.யே முதன்மையாக நின்றது. உலகக் கணக்கோ திடுக்கிட வைப்பது. 2019ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே, சுவாசப்பை வரை இறங்கிய ஆர்.எஸ்.வி. நோய் ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் தடவை ஏற்பட்டதாகவும், ஏறத்தாழ 36 இலட்சம் தடவை குழந்தைகள் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டதாகவும், ஓர் இலட்சத்துக்குச் சற்று அதிகமானோர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. இறந்தவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆறு மாதத்தையும் எட்டாதவர்கள். மிகப் பெரும்பாலோர் வறிய நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் பிறந்தவர்கள்.

உயிர்க்குறி என்பது யாது?

யாருக்கு ஆபத்து மிகுதி என்பது ஓரளவு தெரிந்ததே. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறவியிலேயே இருதயக் கோளாறுள்ள குழந்தை, சுவாசப்பை நோய் நாட்பட்ட குழந்தை, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை ஆகியோரை வைத்தியர்கள் தனிக் கவனத்துடன் நோக்குகின்றனர். போஷாக்கின்மையும் அடுப்புப் புகையும் இன்னலை மிகுவிக்கின்றன. இலங்கையில் 2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிசன சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதிகளிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர்.

ஆயினும், இப்பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்துபோவோம். இந்நோயால் வைத்தியசாலையில் சேரும் குழந்தைகளுள் பெரும்பாலோர், நிறைமாதத்தில் பிறந்து அதுவரை எக்குறையுமின்றி வளர்ந்தவர்களே. ஆகவே, குழந்தையின் பிறப்பு வரலாற்றைக் கேட்டறிவதோடு, நோய் தொடங்கிய பின்னர் அதன் உடலே காட்டும் அடையாளத்தையும் தேட வேண்டியதாயிற்று.

அத்தகைய அடையாளத்தையே உயிர்க்குறி என்கிறோம். நீரிழிவு நோயாளியின் குருதியிலுள்ள சர்க்கரையளவு ஓர் உயிர்க்குறி. அது நோய் உண்டா என்பதையும் எவ்வளவு முற்றியுள்ளது என்பதையும் எண்ணால் உரைத்துவிடுகிறது. அவ்வாறே, தடிமன் கண்ட இரண்டாம் நாளிலேயே ஐந்தாம் நாளின் நிலையை முன்னறிந்து கூறும் எண் ஒன்று கிடைத்துவிட்டால், எந்தக் குழந்தையைக் கீழே கொண்டுபோக வேண்டும், எதை வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்ற ஐயம் தீர்ந்துவிடுமன்றோ?

குருதியிலும் மூக்கு நீரிலும் நடந்த தேடல்

முதலில் ஆராயப்பட்டவை, வைத்தியசாலைகளில் முன்னரே வழக்கிலிருந்த குருதிப் பரிசோதனைகள். சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி மிகும்போது ஈரல் சுரக்கும் புரதம். புரோகல்சிட்டோனின் என்பது அதைப் போன்ற மற்றொன்று. இவை பக்ரீரியாக் கிருமிகள் உடன் சேர்ந்துள்ளனவா என்று ஐயுறும்போது ஓரளவு துணைபுரிகின்றன. வைரஸ் நோய் எவ்வளவு கடுமையாகும் என்பதை உறுதியாகக் கூற இவற்றால் இயலவில்லை. கிருமி மிகுந்தால் நோயும் மிகும் என எண்ணி, மூக்குச் சளியிலுள்ள வைரஸின் அளவையும் கணித்தார்கள். ஓர் ஆய்வு ஆம் என்றது. மற்றோர் ஆய்வு இல்லை என்றது.

2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று வியப்பூட்டுவது. உயிரணுக்கள் சிதையும்போது எல்.டி.எச். என்னும் நொதியம் வெளிப்படும். குழந்தைகளின் மூக்கைக் கழுவிய நீரில் அந்நொதியத்தை அளந்தபோது, அது மிகுந்திருந்த குழந்தைகளுக்கு நோய் கடுமையாக இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். கண்டதோ இதற்கு நேர்மாறு. நொதியம் மிகுந்திருந்தவர்களுக்கே வைத்தியசாலையில் தங்க வேண்டிய தேவை குறைவாயிருந்தது. மூக்கின் வாயிலிலேயே உடல் கடும்போர் புரிந்து கிருமியைத் தடுத்துவிட்டதன் அடையாளம் அது என்று ஆய்வாளர்கள் கருதினர்.

2013ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. நோயுற்ற குழந்தைகளின் குருதி அணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் விழித்துச் செயற்படுகின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்று அதில் கணக்கிட்டார்கள். கடும் நோயுற்றவர்களிடம் அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் ஓங்கியும், நோயெதிர்ப்பை நெறிப்படுத்தும் அணுக்களின் மரபணுக்கள் ஒடுங்கியும் காணப்பட்டன. இவற்றைக் கூட்டிக் கணித்த மதிப்பெண், நோயின் கடுமையோடும் வைத்தியசாலையில் தங்கிய நாட்களோடும் ஒத்துச்சென்றது.

இவை யாவும் நம்பிக்கை தரும் ஆய்வுகளே. எனினும், இவற்றுள் எதுவும் இன்னும் வைத்தியரின் அன்றாடக் கருவியாகிவிடவில்லை. பல ஆய்வுகள் சில நூறு குழந்தைகளையே கண்டவை. ஓரிடத்து முடிவு பிறிதோரிடத்தில் பொய்த்துப்போவதுமுண்டு. இந்நோய்க்கு வழக்கமான குருதிப் பரிசோதனைகளோ மார்புப் படமோ வேண்டியதில்லை என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. மேலும், மரபணுவைக் கணிக்கும் இயந்திரம் பெருநகரத்தில் இருக்கிறது. குழந்தையோ மலையுச்சியில் இருக்கிறது. தோட்டத்துக் குழந்தைக்குப் பயன்பட வேண்டிய உயிர்க்குறி மலிவாகவும், உடனே விடை கூறுவதாகவும் இருத்தல் வேண்டும்.

பப்புவா மலைகளில் கண்ட வழி

இத்தகைய குறியொன்று, நம் மலைநாட்டைப் போன்றதொரு மலைநாட்டிலேயே கண்டறியப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. பப்புவா நியூ கினியின் உயர்நிலத்தில் கொரோக்கா என்றோர் ஊர் உண்டு. மார்ச்சளியால் குழந்தைகள் பெருந்தொகையாக மாண்ட அப்பிரதேசத்தில், மார்புப் படம் எடுக்கவோ குருதியைப் பரிசோதிக்கவோ கிராமங்களில் வசதியில்லை. அங்கே பணியாற்றிய பிராங்க் ஷான் என்னும் வைத்தியரும் அவருடைய துணைவர்களும், கண்ணாலும் காதாலும் அறியக்கூடிய அடையாளங்களுள் எவை நம்பத்தக்கவை என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1984ஆம் ஆண்டில் அவர்களுடைய முடிவு வெளியாயிற்று. இரண்டு அடையாளங்கள் தேறின. ஒன்று, ஒரு நிமிடத்தில் குழந்தை விடும் மூச்சின் எண்ணிக்கை. மற்றது, மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல்.

உலக சுகாதார நிறுவனம் இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டு கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கான விதிகளை வகுத்தது. கடிகாரமும் பொறுமையும் இருந்தாற் போதும். படித்த வைத்தியர் முதல் எழுத்தறியாத தாய் வரை எவரும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

விரல் நுனியில் ஒரு விளக்கு

மூன்றாவது குறியொன்றும் உண்டு. அது குருதியிலுள்ள பிராணவாயுவின் அளவு. முன்னாளில் நாடியில் ஊசி குத்திக் குருதி எடுத்தே அதை அறிய முடிந்தது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி, தோலினூடாக ஒளியைச் செலுத்தி, நாடித்துடிப்புக்கேற்ப அது மாறும் வகையிலிருந்தே பிராணவாயுவைக் கணிக்கும் முறையைக் கண்டார். கொரோனா நாட்களில் பலர் வீடுகளில் விரலில் மாட்டிப் பார்த்த 'ஒக்சிமீற்றர்' அதன் வழிவந்ததே. அக்காலமாகிய 2020இலேயே அவோயாகி காலமானார்.

அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பிராணவாயு கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. இதன் பயனுக்கும் பப்புவா நியூ கினியே சாட்சி. அந்நாட்டின் ஐந்து வைத்தியசாலைகளுக்கு ஒக்சிமீற்றர்களையும், காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்தெடுக்கும் இயந்திரங்களையும் வழங்கியபின், மார்ச்சளியால் குழந்தைகள் இறக்கும் ஆபத்து 35 சதவீதம் குறைந்ததாக 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆயினும், எண்ணுக்கு அடிமையாவதும் தவறு. கனடாவின் டொரன்டோ நகரில், இந்நோயுற்ற 213 கைக்குழந்தைகளைக் கொண்டு ஆய்வொன்று நடத்தப்பட்டது. பாதிக் குழந்தைகளின் ஒக்சிமீற்றர், உண்மையான அளவைவிட 3 புள்ளிகள் கூட்டிக் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. மூன்று நாட்களுக்குள் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டோர், உள்ளபடி காட்டிய பிரிவில் 41 சதவீதம். கூட்டிக் காட்டிய பிரிவில் 25 சதவீதம். நோய் ஒன்றே. எண் மாறியதால் வைத்தியரின் தீர்ப்பும் மாறியது. 2014இல் இது வெளியானபோது, குழந்தையைப் பாராமல் கருவியை மட்டும் பார்க்கிறோமோ என்று வைத்திய உலகம் தன்னையே கேட்டுக்கொண்டது.

நம்மவர்கள் கருத்திற்கொள்ள வேண்டிய மற்றொரு செய்தியுமுண்டு. ஒளி தோலினூடாகச் செல்வதால், தோலின் நிறமும் கணக்கைப் பாதிக்கலாம். 2020இல் அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், கருவி நல்ல அளவைக் காட்டியபோதும் உண்மையில் பிராணவாயு குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. மாநிறமும் கருநிறமும் கொண்ட நம் குழந்தைகளிடம் கருவி 'நலம்' என்று கூறினாலும், மார்பு உள்வாங்குவதைக் கண்ணால் கண்டால் கண்ணையே நம்புதல் வேண்டும். பெரியவர்களின் விரலுக்கென அமைந்த கருவியைக் கைக்குழந்தையின் விரலில் மாட்டினால் பிழையான அளவே கிடைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். குழந்தையின் பாதத்தில் சுற்றும் தனிக்கருவி வேண்டும்.

தாய் எண்ண வேண்டிய எண்கள்

குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாயிருக்கும் வேளையில் சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறும் மார்பும் எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குதல் ஆகாது. குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது வேகமான மூச்சு. தாமதியாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், மூக்குத்துவாரம் விரிந்து விரிந்து சுருங்குதல், ஒவ்வொரு மூச்சிலும் முனகுதல், வழக்கத்தில் பாதிப் பாலும் குடியாமை, நெடுநேரம் சிறுநீர் கழியாமை, எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் விடியும்வரை காத்திருத்தல் தகாது. உதடு நீலம் பாய்தலும் மூச்சு இடையிடையே நின்றுபோதலும் பேராபத்தின் குறிகள். மிகச் சிறிய குழந்தைகளில் இருமல் வலுக்குமுன்னரே மூச்சு தடைப்படுவதுமுண்டு. கட்டணமின்றி அம்புலன்ஸ் அனுப்பும் 1990 சேவை 2016இல் தொடங்கி இப்போது நாடெங்கும் உண்டு. அந்த இலக்கத்தை லயத்துச் சுவரில் எழுதிவைப்பது நன்று.

இந்நோய் பொதுவாக மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரையே உச்சம் பெறும். எனவே, இரண்டாம் நாளில் எண்ணிய எண்ணை நம்பி நான்காம் நாளில் வாளாவிருத்தல் கூடாது. காலையும் மாலையும் எண்ணுக. தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுக்க வேண்டும். வைரஸைக் கொல்ல அன்ரிபயோற்றிக் மருந்துகளால் இயலாது. கடையில் வாங்கும் இருமற்பாணி கைக்குழந்தைக்கு ஆகாது. கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் குழந்தையைப் பிடித்து ஆவி காட்டுவதால் வெந்துபோகும் ஆபத்து உண்டு.

வருமுன் காத்தல்

இக்கிருமி இருமலின் துளிகளாலும் கைகளாலும் பரவுகிறது. வழவழப்பான பொருட்களின்மேல் சில மணி நேரம் உயிருடன் தங்கவும் வல்லது. கொழுந்து பறிக்கவும் பால்வெட்டவும் செல்லும் தாய்மார்கள் தம் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில், சவர்க்காரமும் தண்ணீரும் குறைவின்றி இருத்தல் முதற்காப்பு. ஒரே அறையில் சமைத்து அங்கேயே உறங்க நேர்ந்தது தாயின் குற்றமன்று. ஆயினும், விறகு எரியும் வேளையில் குழந்தையை வெளித் திண்ணையில் வைத்துக்கொள்ளுதல் இயலும். வீட்டினுள் புகைபிடிக்கும் ஆடவரும் சற்றுச் சிந்திப்பார்களாக.

ஆர்.எஸ்.வி.க்குத் தடுப்பு மருந்து காணும் முயற்சி 1960களிலேயே தொடங்கியது. அன்று தயாரித்த மருந்து காப்பதற்குப் பதிலாக நோயைக் கடுமையாக்கி, இரு குழந்தைகளின் உயிரையும் பறித்தது. அந்த அச்சத்தால் பல்லாண்டுகள் வீணாயின. 2013இல் வைரஸின் மேற்புரதத்தின் உண்மையான வடிவம் புலப்பட்ட பின்னரே வழி திறந்தது. 2023 முதல், கருவுற்ற தாய்க்கு இடும் தடுப்பூசியும் பிறந்த குழந்தைக்கு இடும் நீடித்த காப்பு ஊசியும் பல நாடுகளில் வழக்கிற்கு வந்துள்ளன. இவ்விரண்டில் ஒன்றையேனும் எல்லா நாடுகளும் ஏற்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2025இல் பரிந்துரைத்தது.

அவை மலைத்தோட்டங்களின் ஒவ்வொரு தாயையும் வந்தடையும் நாள்வரை, தோட்டத்து டிஸ்பென்சரிகளில் குழந்தைக்கேற்ற ஒக்சிமீற்றர் ஒன்றும், இரவிலும் புறப்படத் தயாராயுள்ள வாகனமொன்றும் இருக்கச் செய்வது நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் அரசும் சேர்ந்து ஆற்ற வேண்டிய கடமை. குறி ஆபத்தைச் சொல்லியும் கீழே இறங்க வழியில்லையெனில் அதனால் யாது பயன்?

மீண்டும் அந்த லயத்து அறைக்கு வருவோம். தாய் குப்பி விளக்கை அருகே வைத்துக்கொண்டு குழந்தையின் சட்டையைத் தூக்குகிறாள். அப்பாயி கடிகாரத்தைப் பார்க்கிறாள். எண்ணிக்கை 64. விலாவின் கீழே பள்ளம் விழுகிறது. இனி விவாதமில்லை. தந்தை தொலைபேசியை எடுக்கிறான். மழை பெய்துகொண்டேயிருக்கிறது, ஆனாலும் விடியலுக்காக அங்கே எவரும் காத்திருக்கவில்லை.